பியானோ நோட்ஸில் எந்தக் கை எங்கே: மியூஸ்ஸ்கோரில் குறிப்பதற்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மேல் ஸ்டாஃப் (நோட்டுகள் உட்காரும் ஐந்து கோடு) வலது கைக்கு, கீழ் ஸ்டாஃப் இடது கைக்கு. பியானோ கற்றுக்கொள்ளும் எல்லாருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது இதுதான், முக்கால்வாசி நேரம் இது சரியாகவும் இருக்கும். மீதிக் கால்வாசியில்தான் தகராறு. இடது கை கீழிருந்து ஏறிவந்து மேல் ஸ்டாஃபின் ட்ரெபிள் க்ளெஃப் பக்கம் போய்விடும், அல்லது கீழ் ஸ்டாஃபில் இருக்கும் ஒரு நோட்டை வலது கைப் பெருவிரல் எடுத்தால்தான் வாசிக்கவே முடியும் என்று இருக்கும். எழுதுகிறவருக்கு இது தெரியும், ஏனென்றால் அவர் வாசித்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். தாளைக் கையில் வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் அந்த இடத்தில் நின்று, விரலை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் அந்த நோட்டை விட்டுவிட்டுப் போய்விடுவார்.

மதுரைப் பக்கம் இந்த வேலை தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்கள், டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் டீச்சர்கள், சினிமாப் பாட்டைப் பியானோவுக்கு எழுதிப் பார்க்கும் காலேஜ் பசங்க. இவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது நோட்ஸ் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர், அதனால் படிகளை அதில்தான் சொல்கிறேன். அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்புக்குப் பிறகு அச்சுத் தரமும் நன்றாகவே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: அடுத்தவர்கள் ஏற்றிவைத்த நோட்ஸைத் தரவிறக்கச் சந்தா கேட்பது டாட் காம் தளம், மென்பொருளை இலவசமாகத் தருவது டாட் ஓஆர்ஜி தளம், இரண்டையும் குழப்பிக்கொண்டு காசு கட்டிவிடாதீர்கள். இதே வேலைக்கான வேறு மென்பொருளான சிபேலியஸ் வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் முக்கியமான ஷார்ட்கட் அப்படியே வேலை செய்யும். டோரிக்கோ என்ற இன்னொன்றில் எம் அழுத்தினால் நோட்டு மேல் ஸ்டாஃபுக்கும் என் அழுத்தினால் கீழ் ஸ்டாஃபுக்கும் போகும். பினாலே என்ற பழைய மென்பொருளை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள், புதிதாகக் கற்பவர் அதற்குள் போக வேண்டாம்.

முதலில் கம்ப்யூட்டரை மூடி வையுங்கள்

கையை முடிவு செய்வது கீபோர்டில் நடக்க வேண்டிய வேலை, திரையில் அல்ல. பாட்டை மெதுவாக வாசித்து, சந்தேகம் வருகிற இடங்களில் மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் கை எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது. தாளைப் பார்த்தால் கண் ஒரு கையைச் சொல்லி, வாசிக்கும்போது வேறு கை வேலை செய்கிற இடம் எதுவோ அங்கே மட்டும் அடையாளம் போதும். இரண்டு பக்கப் பாட்டில் அப்படிப்பட்ட இடம் நாலைந்துக்கு மேல் வந்தால், கை பிரித்ததையே ஒருமுறை யோசித்துப் பாருங்கள், பாட்டு அவ்வளவு சிக்கலாக இருக்காது, பிரித்த விதம்தான் சிக்கலாக இருக்கும்.

அடையாளம் போட நான்கு வழி இருக்கிறது, நான் இந்த வரிசையில்தான் முயற்சி செய்வேன். நோட்டையே சரியான கையின் ஸ்டாஃபுக்கு நகர்த்துவது முதலில். அதில் முடியாவிட்டால் நோட்டின் தண்டு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை வைத்துக் காட்டுவது. அதுவும் போதாவிட்டால் சின்ன பிராக்கெட். எழுத்தில் எழுதுவது கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நோட்டை எங்கேயோ போட்டுவிட்டு எல்லா இடத்திலும் ஆர்.எச். (வலது கை), எல்.எச். (இடது கை) என்று எழுதி நிரப்புகிறார்கள், வாசிக்கிறவர் நோட்டைப் பார்ப்பாரா எழுத்தைப் படிப்பாரா?

ஃபைலைத் திறக்கும்போதே பார்க்க வேண்டியது

புதிய ஸ்கோர் தொடங்கும்போது கீபோர்ட்ஸ் குடும்பத்தில் போய்ப் பியானோ என்ற ஒரே ஒரு வாத்தியத்தைத் தேர்வு செய்யுங்கள். அதுவே இரண்டு ஸ்டாஃபையும் இடது ஓரத்தில் வளைந்த அடைப்பையும் கொண்டுவந்துவிடும். சிலர் இரண்டு பியானோ சேர்த்து, ஒன்றுக்கு ட்ரெபிள் இன்னொன்றுக்கு பாஸ் என்று வைத்து, வளைந்த அடைப்பைத் தனியாகப் போட்டு விடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரு ஸ்டாஃபிலிருந்து இன்னொன்றுக்கு நோட்டை நகர்த்துவது ஒரே வாத்தியத்தின் ஸ்டாஃப்களுக்கு இடையில் மட்டும்தான் நடக்கும், அதனால் ஷார்ட்கட்டை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. உங்களுக்கு அப்படி ஆனால் எஃப்7 அழுத்தி வாத்தியங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள், ஒரே பெயரின் கீழ் இரண்டு ஸ்டாஃப் இருக்க வேண்டும்.

நோட்டை அடுத்த ஸ்டாஃபுக்கு நகர்த்துவது

ஒரு சின்ன உதாரணம் எடுத்துக்கொள்வோம். 4/4 தாளம், ஒவ்வொரு பீட்டிலும் நான்கு பதினாறாம் நோட்டுகள்: மிடில் சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி, அதற்கு மேலே ஜி, அப்புறம் மிடில் சி, அதன் மேல் ஈ. முதல் இரண்டும் இடது கை, அடுத்த இரண்டும் வலது கை, அலை மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும். மெல்லிசைப் பாட்டுகளுக்குப் பின்னணியில் இந்த மாதிரி ஒன்று வராமல் இருக்காது.

1. கீழ் ஸ்டாஃபின் மெஷரை (ஒரு தாளக் கட்டம்) க்ளிக் செய்து என் (N) அழுத்துங்கள், 3 அழுத்துங்கள், அதுதான் பதினாறாம் நோட்டு. சி, ஜி, சி, ஈ என்று நான்கையும் கீழ் ஸ்டாஃபிலேயே அடியுங்கள். ஆக்டேவ் தவறிப்போனால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மேல் அல்லது கீழ் அம்புக்குறி. மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

2. மெஷர் முழுக்க அடித்த பிறகு எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வலது கை நோட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் க்ளிக் செய்யுங்கள்.

3. கண்ட்ரோல், ஷிப்ட், மேல் அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த நோட்டுகள் மேல் ஸ்டாஃபில் போய் உட்காரும், பீம் (தண்டுகளைச் சேர்க்கும் தடித்த கோடு) உடையாமல் இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் நிற்கும். கீழே இருப்பவற்றின் தண்டு மேல்நோக்கியும் மேலே இருப்பவற்றின் தண்டு கீழ்நோக்கியும் இருந்தால் சரி. திருப்பிக் கொண்டுவர அதே கூட்டில் கீழ் அம்புக்குறி.

4. மேல் ஸ்டாஃபில் காலி மெஷருக்கான ரெஸ்ட் (மௌன அடையாளம்) இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் க்ளிக் செய்து வி அழுத்தினால் திரையில் சாம்பல் நிறமாகும், அச்சில் வராது.

இதில் மேலே போன நோட்டு இடம்தான் மாறியிருக்கிறது, கணக்கில் அது இன்னும் கீழ் ஸ்டாஃபின் நோட்டுதான். அதனால்தான் தாளக் கணக்கும் பீமும் கெடாமல் இருக்கின்றன. இதை வெட்டி ஒட்டிச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: இரண்டு ஸ்டாஃபிலும் துண்டு துண்டாக ரெஸ்ட் விழும், பீம் பாதியில் அறுந்துவிடும், ஒரே ஓட்டமாகக் கேட்க வேண்டியது தாளில் திக்கித் திணறுகிற மாதிரித் தெரியும்.

மிடில் சி ட்ரெபிள் ஸ்டாஃபுக்குக் கீழே துணைக்கோட்டில் வருவதால் நடுவில் இடம் நெருக்கடியாகி, தண்டுகள் கட்டையாகிவிடலாம். ஃபார்மட் மெனுவில் ஸ்டைல், அதில் பேஜ் பகுதிக்குப் போய் பியானோவின் இரண்டு ஸ்டாஃபுக்கும் இடையிலான தூரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பீமைக் க்ளிக் செய்து இழுத்தும் நடுவுக்குக் கொண்டுவரலாம், ஆனால் முதலில் தூரத்தைச் சரிசெய்துவிட்டால் அந்தக் கை வேலை பெரும்பாலும் மிச்சம்.

மேல் ஸ்டாஃபில் ஏற்கெனவே மெலடி ஓடிக்கொண்டிருக்கும்போது இடது கை நோட்டு அங்கே நுழைந்தால் தண்டின் திசை முக்கியமாகிறது. ஒரே ஸ்டாஃபில் இரண்டு கையும் இருந்தால் வலது கைக்குத் தண்டு மேலே, இடது கைக்குக் கீழே. ஏதாவது தப்பாக நின்றால் அந்த நோட்டைத் தொட்டு எக்ஸ் அழுத்துங்கள், திரும்பிவிடும். இவ்வளவு செய்தாலே பெரும்பாலான இடங்களில் ஒரு எழுத்தும் எழுத வேண்டியதில்லை.

கார்டில் ஒரே ஒரு நோட்டை மட்டும் பிரிப்பது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன சி, ஜி, ஈ மூன்றையும் சேர்த்து ஒரே கார்டாக, அதாவது ஒரே நேரத்தில் அழுத்தும் நோட்டுக் கூட்டாக, இடது கைக்கு எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பியானோவில் ஒரு ஆக்டேவின் அகலம் சுமார் 165 மில்லிமீட்டர், சி-யிலிருந்து பத்தாவது நோட்டான அந்த ஈ வரை எட்ட இன்னும் இரண்டு வெள்ளைக் கட்டை, அதாவது 47 மில்லிமீட்டர் கூடுதலாக விரிய வேண்டும். பெரியவர்களிலேயே பலருக்கு எட்டாது, பத்து வயதுப் பிள்ளையிடம் இதைக் கொடுப்பது அநியாயம். வலது கைப் பெருவிரல் ஈ-யை எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் ஈ-யை மட்டும் தேர்வு செய்து நகர்த்தும் ஷார்ட்கட்டை அழுத்தினால் கார்டு முழுவதும் மேலே போய்விடும். மியூஸ்ஸ்கோருக்கு ஒரு வாய்ஸில் (ஸ்டாஃபுக்குள் தனியாக ஓடும் ஒரு வரி) உள்ள கார்டு ஒரே பொருள். அதனால் முதலில் ஈ-யை மட்டும் க்ளிக் செய்து, மேலே கருவிப்பட்டையில் வாய்ஸ் 2 பொத்தானை அழுத்துங்கள், அது தனியாகப் பிரியும். அப்புறம் கண்ட்ரோல், ஷிப்ட், மேல் அம்புக்குறி. இப்போது ஈ மட்டும் ட்ரெபிள் ஸ்டாஃபின் அடிக்கோட்டில் நிற்கும், தண்டு திசை தப்பாக இருந்தால் எக்ஸ். இரண்டாம் வாய்ஸுக்கான ரெஸ்டுகள் கீழ் ஸ்டாஃபில் தேவையில்லாமல் முளைத்திருந்தால் தேர்வு செய்து டெலீட் செய்துவிடலாம், முதல் வாய்ஸ் ரெஸ்டைப் போல அவை அடம் பிடிக்காது.

உங்கள் சொந்த அரேஞ்ச்மென்ட் என்றால் இந்தச் சுற்று வேலையே வேண்டாம், ஆரம்பத்திலேயே ஈ-யை மேல் ஸ்டாஃபில் எழுதிவிடுங்கள்.

சர்ச் பாட்டு நோட்ஸ் தனிக் கதை

சொப்ரானோ, ஆல்டோ மேல் ஸ்டாஃபிலும் டெனர், பாஸ் கீழ் ஸ்டாஃபிலும் இருக்கிற நான்கு குரல் நோட்ஸை, அரசரடியிலிருந்து பசுமலை வரை எந்தச் சர்ச்சுக்குப் போனாலும், பாடுகிறவர்களும் கீபோர்டுக்காரரும் ஒரே தாளில் பார்த்துத்தான் சமாளிக்கிறார்கள். இந்தத் தாளில் தண்டின் திசை கையைச் சொல்லாது, குரலைச் சொல்லும்: கீழ் ஸ்டாஃபில் தண்டு மேலே போனால் டெனர், கீழே போனால் பாஸ். ஆகவே முன்னால் சொன்ன தண்டு விதியை இங்கே போட்டால் டெனர் பாடுகிறவர் குழம்பிப்போவார். நோட்டை மேல் ஸ்டாஃபுக்கு நகர்த்துவதும் அதே காரணத்தால் கூடாது, டெனர்காரர் தன் வரியைத் தேடிக்கொண்டிருப்பார்.

பாஸ் சி-யில் நின்று டெனர் பத்தாவதாக அந்த ஈ-யைப் பாடுகிறது, மேலே ஆல்டோ ஜி, சொப்ரானோ சி என்றால், கீபோர்டுக்காரரின் வலது கை ஈ, ஜி, சி மூன்றையும் சுலபமாக எடுக்கும், இடது கைக்கு பாஸ் மட்டும். பெடல் உள்ள ஆர்கனில் பாஸைக் கால் பார்த்துக்கொள்ளும், நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது 61 கட்டை கீபோர்டுதான், கால் உதவிக்கு வராது. இந்த இடத்துக்குத் தேவை ஒரு செங்குத்தான பிராக்கெட், வலது கை எடுக்கும் மூன்று நோட்டையும் இடது பக்கத்தில் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி.

அதற்கு பேலட்டில் (அடையாளங்கள் இருக்கும் பக்கப் பட்டை) தேடும் பெட்டியில் ஆர்பெஜியோ என்று அடித்தால் வளைந்த கோடுகளுக்கு நடுவில் நேரான சதுர பிராக்கெட் ஒன்று கிடைக்கும். மேல் ஸ்டாஃப் நோட்டைத் தேர்வு செய்து அதைக் க்ளிக் செய்யுங்கள், பிறகு பிராக்கெட்டைத் தொட்டால் முனையில் வரும் கைப்பிடியைக் கீழே இழுத்து டெனர் நோட்டு வரை கொண்டுவாருங்கள். பாஸைத் தொடாமல் நிறுத்த வேண்டும், தொட்டுவிட்டால் அர்த்தமே மாறிவிடும். பாடுகிறவர்களுக்கு அது தொந்தரவு இல்லை, வாசிக்கிறவருக்குப் பார்த்ததும் புரியும். பாட்டில் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஆர்.எச். என்று சின்னதாகப் போட்டுவிட்டால் அடுத்தடுத்த இடங்களில் பிராக்கெட்டே போதும்.

டெனர் தொடர்ந்து இரண்டு மெஷருக்கு வலது கைக்குப் போகிறது என்றால் ஒவ்வொரு கார்டுக்கும் பிராக்கெட் போட்டுத் தாளை வேலியடைக்க வேண்டாம். லைன்ஸ் பேலட்டில் சாதாரணக் கோட்டை எடுத்து டெனர் வரிக்கு மேல் நீட்டி, ப்ராபர்ட்டீஸ் பகுதியில் இரண்டு முனைக்கும் 90 டிகிரி கொக்கி கொடுத்து, தொடக்க எழுத்தாக ஆர்.எச். என்று அடியுங்கள். ஒரே கோட்டில் முடிந்தது.

எழுத்தில் எழுதினால் எப்படி எழுதுவது

நோட்டைத் தேர்வு செய்து கண்ட்ரோல் டி (T), எழுத வேண்டியதை அடித்து எஸ்கேப். மேலே வந்தது கீழே போக வேண்டும் என்றால் இங்கேயும் எக்ஸ்தான். வெளியூர் நோட்ஸில் நீங்கள் பார்க்கும் சுருக்கங்கள் இவை: ஆங்கிலத்தில் ஆர்.எச்., எல்.எச். இத்தாலியத்தில் வலது கைக்கு எம்.டி., இடது கைக்கு எம்.எஸ். பிரெஞ்சிலும் வலது எம்.டி.தான், இடது மட்டும் எம்.ஜி. கை குறுக்கே போகும் இடத்தில் சோப்ரா என்றிருந்தால் மற்றக் கைக்கு மேலே, சோட்டோ என்றிருந்தால் கீழே. ஒரு ஃபைலில் ஒரே மொழியின் சுருக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

தமிழில் வ.கை, இ.கை என்று எழுதலாமா என்றால், உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் தாராளமாக எழுதலாம், சின்னப் பிள்ளைகள் அதைத்தான் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். மியூஸ்ஸ்கோரின் இயல்பான எழுத்துருவான எட்வினில் தமிழ் இல்லை, அதனால் கம்ப்யூட்டர் கையில் கிடைத்த வேறு எழுத்துருவைப் போட்டு அளவு கோணல்மாணலாக வரலாம். ஸ்டைலில் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய், யூசர் 1 என்பதற்கு நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்து, கைக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் அந்த ஸ்டைலையே பயன்படுத்துங்கள். பின்னால் அளவை மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

எழுத்து எந்த நோட்டைச் சேர்ந்ததோ அதன் முதல் நோட்டுத் தலைக்கு நேராகத் தொடங்க வேண்டும். கை பழைய இடத்துக்குத் திரும்புவதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். இடது கை மேலே போனதைச் சொல்லிவிட்டு, மறுபடி கீழே வரும்போது அது நோட்டின் இடத்திலிருந்தே புரிகிறதா என்று பாருங்கள், புரியாவிட்டால் அங்கேயும் ஒரு குறிப்பு வேண்டும்.

விரல் எண் போட்டாலும் கை தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், இரண்டு கைக்கும் பெருவிரல் 1தான்.

மூன்று ஸ்டாஃப் தேவைப்படுமா

அபூர்வமாக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தால்பெர்க் என்ற பியானோக்காரர், மெலடியை நடுவில் வைத்து இரண்டு பெருவிரல்களும் மாறி மாறி வாசிக்க, மேலும் கீழும் மற்ற விரல்கள் ஓடுகிற ஒரு வித்தையால் பேர் வாங்கினார், கேட்பவர்களுக்கு மூன்று கை வாசிப்பதாகத் தோன்றுமாம். அந்த மாதிரி எழுத்துக்கு நடு ஸ்டாஃப் வைத்தால் சுத்தமாக இருக்கும், எஃப்7 பட்டியலில் பியானோவை விரித்தால் ஸ்டாஃப் சேர்க்கும் பொத்தான் இருக்கிறது. நடு ஸ்டாஃபில் எந்தப் பெருவிரல் என்பதைத் தண்டின் திசையே சொல்லிவிடும். ஒரு சினிமாப் பாட்டுக்கு இது தேவைப்படுகிறது என்று தோன்றினால் முதலில் இரண்டு நோட்டைக் குறைத்துப் பாருங்கள்.

கீபோர்டில் வாசித்து மிடியாகப் பதிவு செய்து திறப்பவர்களுக்கு

ஒரே ட்ராக்கில் பதிவான மிடி ஃபைலில் எந்தச் சுருதியை எப்போது அழுத்தினீர்கள் என்பது இருக்கும், எந்தக் கை என்பது இருக்காது. மென்பொருள் சுருதியை வைத்து யூகிக்கும். லில்லிபாண்ட் என்ற நோட்ஸ் மென்பொருளில் இருக்கும் ஆட்டோசேஞ்ச் கட்டளையும் மிடில் சி-யை எல்லையாக வைத்து மேலே கீழே பிரிப்பதுதான். இடது கை மிடில் சி-யைத் தாண்டிய எல்லா இடமும் அதனால் தப்பாக விழும், நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். முடிந்தால் இரண்டு கையையும் தனித்தனி ட்ராக்கில் பதிவு செய்யுங்கள், முதலில் இடது, அதைக் கேட்டுக்கொண்டே வலது. பதிவு செய்ய நேரம் இரட்டிப்பாகும், திருத்தும் வேலை பாதிக்கு மேல் குறையும்.

அச்சுக்கு அனுப்பும் முன்

பிடிஎஃப் எடுத்து வீட்டில் ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள், ஐந்து கோட்டின் மொத்த உயரம் 7 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு, சின்னப் பிள்ளைகளுக்கு 8 வைக்கலாம். பாட்டு தெரியாத ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல், அவர் கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள், தயங்கிய இடத்தில் அடையாளம் போதவில்லை, தயங்காத இடத்தில் போட்டிருக்கும் அடையாளத்தை எடுத்துவிட்டாலும் நஷ்டமில்லை.

அப்புறம் ஜெராக்ஸ். கிறிஸ்துமஸ் நேரத்தில் குழுவுக்கு முப்பது காப்பி என்று எடுக்கும்போது முதல் காப்பியிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருப்பார்கள், மெல்லிய பிராக்கெட்டும் கொக்கிக் கோடும்தான் முதலில் மறையும். கோடுகளைத் தேர்வு செய்து ப்ராபர்ட்டீஸில் தடிமனைக் கொஞ்சம் கூட்டுங்கள், சாம்பல் நிறம் எதற்கும் கொடுக்காதீர்கள், கடைக்காரரிடம் பென் டிரைவில் பிடிஎஃபைக் கொடுத்து எல்லாக் காப்பியையும் அதிலிருந்தே நேராக எடுக்கச் சொல்லுங்கள்.